242 வோல்ட்டில் ஒரு 1955 மாடல்

நானே கட்டிய கிதார் ஆம்ப்ளிபயர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிக் காட்டினால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவுதானா?" ஐந்து வால்வுகள் (பழைய ரேடியோக்களில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்), இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், ஒரு பலகையில் வரிசையாக முப்பது சொச்சம் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்கு எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது. நடுவில் இரண்டு டிரான்ஸ்பார்மர்களை வீணாக்கினேன், ஒரு ஜோடி வால்வைச் சிவக்கவிட்டேன், ஒரு மாலை மின்சாரம் என்னைப் பிடித்துத் தள்ளியது. படித்தது வணிகவியல், பிழைப்பு கணக்கு எழுதுவது. கிதார் வாசிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதனால் என் தவறுகள் எல்லாம் ஒரு புதியவனின் தவறுகள். அடுத்துக் கட்டப்போகிறவருக்கு அவைதான் பயன்படும்.

நான் எடுத்துக்கொண்டது ஃபெண்டர் நிறுவனம் 1955 முதல் 1960 வரை செய்த டீலக்ஸ் ஆம்ப்ளிபயரின் சுற்று. அதன் எண் 5ஈ3. கிதார்காரர்களிடம் 'ட்வீட் டீலக்ஸ்' என்றால் உடனே தெரியும்: பழைய பயணப்பெட்டி போலத் துணி ஒட்டி வார்னிஷ் பூசிய சின்ன மரப்பெட்டி, உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ராக் கிதார்காரர் நீல் யங் பல பத்தாண்டுகளாக மேடையில் வைத்து வாசிப்பது இந்த மாடலைத்தான். காலால் மிதித்தால் அதன் குமிழ்கள் தாமாகத் திரும்பிக்கொள்ள ஒரு கருவியே செய்து வைத்திருக்கிறார். வேண்டிய ஒலிக்காக இன்னொரு ஆம்ப் வாங்காமல், இதே ஆம்ப்பின் குமிழைத் திருப்ப இயந்திரம் செய்பவர் அதில் எதையோ கேட்டிருக்கிறார் என்றுதானே பொருள்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1938-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர் அவர். அவருடைய ஆரம்பகால ஆம்ப்கள் வால்வு நிறுவனங்களின் கையேடுகளில் இருந்த மாதிரிச் சுற்றுகளை ஒட்டியே அமைந்தவை. அதாவது, ரேடியோ மெக்கானிக் ஒருவருக்கு இந்தச் சுற்றில் புரியாதது எதுவும் இருக்காது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அப்படி ஒருவர் இருந்தார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து தொழில் செய்து, கண் மங்கியபின் கடையை மூடியவர். எழுபது வயதைத் தாண்டியவர். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். வரைபடத்தை நீட்டியபோது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரேடியோகிராமின் பின்பாதி தம்பி. முன்பாதியை வெட்டிவிட்டுக் கிதாரைச் செருகியிருக்கிறார்கள்" என்றார்.

அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. கிதாரின் மெல்லிய சமிக்ஞை முதலில் 12ஏஒய்7 வால்வில் பெருகும். பிறகு 12ஏஎக்ஸ்7-இன் ஒரு பாதியில் இன்னொரு முறை பெருகும். அதன் மறுபாதி சமிக்ஞையை நேரும் தலைகீழுமாக இரண்டாகப் பிரிக்கும். அவை இரண்டும் ஆளுக்கொரு 6வி6 வால்வுக்குப் போகும். ஒன்று தள்ள, இன்னொன்று இழுக்க, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியாக ஸ்பீக்கர் அசையும். ஐந்தாவது வால்வான 5ஒய்3, ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குவதற்கு. மொத்தத் திறன் 12 முதல் 15 வாட்.

வால்வுகளையும் ஸ்பீக்கரையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். ஐயா தன்னிடம் இருந்த பழைய ஈஎல்84 வால்வுகளை, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தவை, அட்டைப்பெட்டி கசங்காமல் எடுத்து நீட்டினார். மனம் ஊசலாடியது உண்மை. ஆனால் அதற்கு சாக்கெட் வேறு, சுற்றும் வேறு. முதல் ஆம்ப்பிலேயே மாற்றம் செய்யக்கூடாது என்று ஒதுங்கிவிட்டேன். டிரான்ஸ்பார்மர்களை மட்டும் உள்ளூரிலேயே சுற்றச் சொன்னேன். இரும்புக்குத் தபால்செலவு கொடுப்பது என் கணக்குப்பிள்ளை மனசுக்கு ஒப்பவில்லை. ஓர் ஆம்ப்பின் குணத்தில் பாதி அந்த இரும்பில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ரிச்சி தெருவை அடுத்த ஒரு மாடியில் டிரான்ஸ்பார்மர் சுற்றித் தருபவரிடம் போனேன். 325-0-325 வோல்ட், வால்வுக்குள் சூடாகும் இழைக்கு 6.3 வோல்ட், 5ஒய்3-க்குத் தனியாக 5 வோல்ட் என்று எழுதிக் கொடுத்தேன். "உள்ளே வருவது 220-தானே?" என்றார். ஆமாம் என்றேன். பதினோரு மாதத்தில் நான் சொன்ன மிகவும் விலையுயர்ந்த சொல் அந்த 'ஆமாம்'.

எங்கள் வீட்டில் மாலை நேரத்தில் 242 வோல்ட் வருகிறது. நள்ளிரவில், தெருவே தூங்கியபின், 248 கூடக் காட்டியிருக்கிறது. வீட்டின் சுவர்ப்பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும் வேலையை டிரான்ஸ்பார்மர் சொல்வதற்கு முன் செய்திருக்க வேண்டும். நான் ஆம்ப்பைக் கட்டி முடித்தபின் செய்தேன். 220-க்குச் சுற்றியதில் 242 கொடுத்தால் எல்லா வோல்ட்டேஜும் பத்து சதவீதம் ஏறும். பத்துதானே என்று தோன்றும். அந்தப் பத்து என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும் நாள். ஐயா தன் சீரீஸ் போர்டைக் கொண்டுவந்தார். ஒரு மரப்பலகை, ஒரு ஹோல்டர், அதில் 60 வாட் குண்டு பல்பு. ஆம்ப்புக்குப் போகும் மின்சாரம் அந்த பல்பின் வழியாகத்தான் போகும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப் தப்பித்துவிடும். இல்லையென்றால் மங்கலாக எரிந்து அடங்கும். பெட்டியை அவர் மேசையில் வைத்துவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தார். இதைவிட மலிவான காப்பீடு உலகத்தில் இல்லை. இப்போது குண்டு பல்பு தேடி அலைய வேண்டியிருக்கிறது. கிடைத்தால் இரண்டாக வாங்கி வையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

பல்பு மங்கலாகவே இருந்தது. வால்வுகள் எதுவும் இல்லாமல் அளந்தோம், சரி. பிறகு 5ஒய்3-ஐ மட்டும் செருகி, டிசி எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன். மீட்டரில் 505. அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன், ஸ்விட்சை அணைத்தேன், பிளக்கையும் உருவினேன். ஐயா தம்ளர் கழுவ உள்ளே போயிருந்தார். ஒரு ஒயர் சரியாகப் பற்றவில்லையோ என்று சந்தேகம். இடக்கையால் சேசிஸின் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலக்கை ஆள்காட்டி விரலால் அந்த ஒயரை லேசாக நெருடினேன்.

அது வலி என்று சொல்ல முடியாது. யாரோ நெஞ்சுக்குள்ளிருந்து முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி இருந்தது. நாற்காலியோடு பின்னால் போய் பீரோவில் மோதினேன். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி. வெளியே வந்த ஐயா என்னைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், சேசிஸைப் பார்த்தார். "பிளக்கை எடுத்துவிட்டால் போதும் என்று யார் சொன்னது?" என்றார்.

பிளக்கை எடுத்தாலும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கும். வால்வுகள் எல்லாம் சாக்கெட்டில் இருந்து சூடாகவும் இருந்தால், அணைத்த சில நொடிகளில் அவையே அதைக் குடித்துவிடும். நான் 5ஒய்3 தவிர எல்லாவற்றையும் கழற்றியிருந்தேன், குடிக்க ஆளில்லை. இரண்டு கைகளையும் வைத்திருந்ததால் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போனது. நான் இதை எழுதிக்கொண்டிருப்பது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை. அன்றிலிருந்து மூன்று காரியங்களில் நான் சமரசம் செய்வதில்லை. முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டேன். அணைத்த அரை நிமிடத்தில் 350 வோல்ட் 20 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் வைப்பதில்லை. மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, இடக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.

அந்த 505-இல் இன்னொரு ஆபத்தும் இருந்தது. என் கெப்பாசிட்டர்களின் முதுகில் அச்சிட்டிருந்தது 450 வோல்ட். பழைய வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நானும் அப்படியே வாங்கினேன். வரைபடம் பொய் சொல்லவில்லை; அது எங்கள் வீட்டுப் பிளக்குக்காக வரைந்ததல்ல, அவ்வளவுதான். கழற்றிவிட்டு அந்த 505-ஐயும் தாங்குவதாக மாற்றினேன். அளவை மட்டும் 16 மைக்ரோ ஃபாரட் என்றே விட்டேன். 'பெரிதாகப் போட்டால் ஹம் குறையும்' என்று பலர் சொல்வார்கள்; ஹம் என்பது வாசிக்காதபோதும் ஸ்பீக்கரில் கேட்கும் முனகல். குறையும்தான். ஆனால் 5ஒய்3 ஒரு சாதுவான வால்வு; ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பெரிய கெப்பாசிட்டரை நிரப்பும் வேலையை அதன் தலையில் கட்டினால் ஆயுள் போய்விடும்.

பிறகு எல்லா வால்வுகளையும் செருகி வாசித்தேன். வாசிக்கவும் முடிந்தது! ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டு, வால்வு வெளிச்சத்தில் வாசிப்பது எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அப்போதுதான் பார்த்தேன்: ஒரு 6வி6-இன் உள்ளே இருக்கும் சாம்பல்நிறத் தகட்டின் ஓரம் மங்கலாகச் சிவந்திருந்தது. இழை சிவப்பது இயல்பு, தகடு சிவக்கக்கூடாது. உடனே அணைத்தேன். மறுநாள் மாலை அளந்தேன்.

கணக்கு எழுதுபவனுக்கு இந்தப் பகுதி பிடிக்கும், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 6வி6 இரண்டின் கேத்தோடும் (எலெக்ட்ரான் கிளம்பும் முனை) சேர்ந்து 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகத் தரைக்கு, அதாவது சேசிஸுக்கு வருகின்றன. அதன் குறுக்கே 22 வோல்ட். 22-ஐ 250-ஆல் வகுத்தால் 88 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீன் என்னும் உள்வலைக்குப் போவது 6 என்று கழித்தால் மிச்சம் 82, ஆளுக்கு 41. தகட்டில் 380 வோல்ட். கேத்தோடின் 22-ஐக் கழித்தால் 358. 358-ஐ 0.041-ஆல் பெருக்கினால் ஒவ்வொரு வால்வும் சும்மா இருக்கும்போதே 14.7 வாட் எரிக்கிறது. 6வி6ஜிடி-க்குப் பழைய கையேடுகள் சொல்லும் வரம்பு 12 வாட். தாராளமாகக் கணக்கிடுபவர்கள் 14 என்பார்கள். இரண்டையும் நான் தாண்டியிருந்தேன். நள்ளிரவு 248 வோல்ட்டில் இன்னும் அதிகமாகத் தாண்டியிருப்பேன். இரண்டு வால்வுகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டன என்ற அனுமானத்தில் வந்த கணக்கு இது. சிவந்த வால்வு தன் பங்குக்கு மேல் இழுத்திருக்க வேண்டும்.

இழை வோல்ட்டேஜையும் பார்த்தேன். 6.3 வர வேண்டிய இடத்தில் 6.9. மேலும் கீழும் பத்து சதவீதம் வரை வால்வு பொறுத்துக்கொள்ளும். நான் அந்தப் பத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆக, டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றக் கொடுத்தேன். இந்த முறை உள்வரும் பக்கத்தில் 220, 230, 240, 250 என்று நான்கு டேப் (இணைப்பு முனை). 240-இல் மாட்டியதும் தகட்டில் 350-க்கு வந்தது. 250 ஓமுக்குப் பதில் 270 ஓம் போட்டேன். கேத்தோடில் 20.5 வோல்ட், ஆளுக்கு 35 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், 11.7 வாட். கோல் விழாமல் தராசு நின்ற மாதிரி ஒரு நிம்மதி. வால்வுகள் ஒன்றரை வருடமாக அதே ஜோடி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இப்போது 5ஒய்3 என்ற பெயரில் விற்பவற்றில் சில, பழையவற்றைவிடக் குறைவான வோல்ட்டேஜையே தமக்குள் இறக்கும். அதனாலும் தகட்டு வோல்ட்டேஜ் ஏறும். வால்வின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் அளந்துவிடுங்கள்.

வீணான இரண்டாவது இரும்பு, அவுட்புட் டிரான்ஸ்பார்மர். 8 கிலோ ஓமுக்கு 8 ஓம் என்று சொன்னேன். சுற்றித் தந்தவர் ஸ்டெபிலைசர் சுற்றியே பழகியவர். முதன்மைச் சுருள் முழுவதையும் முதலில் சுற்றி, அதன் மேல் ஸ்பீக்கர் பக்கத்தைச் சுற்றிவிட்டார். சுருள் விகிதம் கச்சிதம். ஸ்பீக்கர் பக்கம் 1 வோல்ட் ஏசி கொடுத்தால் மறுபக்கம் 31.6 வர வேண்டும், வந்தது. ஆனால் ஒலி? கம்பளிக்குள் வைத்து வாசித்த மாதிரி. கிதாரின் மேல்ஸ்தாயி எல்லாம் எங்கோ போய்விட்டது. ஒலிக்கான டிரான்ஸ்பார்மரில் முதன்மைச் சுருளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நடுநடுவே மற்றச் சுருளை வைத்து அடுக்க வேண்டும், அதிரசத்துக்கு நடுவில் இலை வைப்பது போல. இல்லையென்றால் இரு சுருள்களுக்கும் நெருக்கம் போதாமல் மேல்ஸ்தாயி கசிந்துவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொல்லவில்லை, அவர் செய்யவில்லை. மறுபடி போய் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து அடுக்காகச் சுற்றினார். இரண்டாம் அடுக்கு முடிவதற்குள் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. கூலியில் பாதிதான் வாங்கினார்.

பழைய வடிவமைப்பில் நான் மதிக்காமல் தூக்கி எறிந்தது ஒன்று உண்டு. அசலில் பாகங்களைப் பற்றவைத்தது கறுப்பான நார் அட்டைப் பலகையில். ஐம்பதுகளின் அழகு அதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அட்டை ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் அட்டையே லேசாக மின்சாரம் கடத்தும். அசல் ஆம்ப்களிலேயே இந்தத் தொல்லை உண்டு. நவம்பர் மாதச் சென்னையில் உப்புக்கல் ஜாடிக்குள் கரைகிற ஊரில், 350 வோல்ட்டை அட்டையில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. கண்ணாடியிழைப் பலகையை வாங்கி, துளையிட்டு, பித்தளைத் தூண்களை அறைந்து கட்டினேன். 'அசல் போல இல்லையே' என்பவர்கள் கண்ணால் கேட்கிறார்கள். அதேபோல அந்தக் கால ஆம்ப்களின் இரண்டு முனை மின்கம்பியும், மின்சாரத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரும். அது ஷார்ட் ஆனால் கிதாரின் கம்பியில் வீட்டு மின்சாரம் நிற்கும். மூன்று முனைப் பிளக், சேசிஸில் தனியாக முறுக்கிய எர்த், அந்தக் கெப்பாசிட்டர் இல்லை. இதில் பழமை பேசுபவர்களோடு எனக்கு வாதமே கிடையாது.

ஆனால் பழையதை அப்படியே விட்டிருக்க வேண்டிய இடத்தில் நான் கைவைத்தேன். ஒயர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் செங்கோணமாக மடித்து, ஒன்றுசேர்த்து நூலால் கட்டி, கோயில் தேர்வடம் போல அழகாக ஓடவிட்டேன். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் காதைக் கிழிக்கும் கிறீச்சொலி. ஐயா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பழைய செட்டுகள் காக்கைக்கூடு மாதிரி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? காரணம் இல்லாமல் இல்லை. பேசுகிற ஒயரையும் கேட்கிற ஒயரையும் சேர்த்துக் கட்டினால் வம்பு வராமல் என்ன செய்யும்?" பெருகி வெளியே வரும் தகட்டு ஒயரும், நுழையும் கிரிட் ஒயரும் நான்கு அங்குலம் உடன்கட்டாக ஓடியிருந்தன. நூலை அறுத்தேன். கிரிட் ஒயர்களைக் குட்டையாக்கி, குறுக்கே போக வேண்டிய இடங்களில் குறுக்கே விட்டேன். கிறீச்சொலி போனது. படத்தை அழித்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஹம். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கிதார் வாசிப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் வழி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசி ஆக்கிய பின் மிஞ்சும் அலை அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். கிதாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ்; ஆம்ப்பின் ஹம் ஏறக்குறைய அந்தச் சுரத்தில், ஒரு மயிரிழை மேலே நின்றால் கோளாறு டிசி பக்கம், அதாவது கெப்பாசிட்டரிலோ தரை இணைப்பிலோ. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே முனகினால் இழை ஒயர்களைச் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இந்தக் கணக்கு பி சுரத்துக்கும் அதற்கு அரை சுரம் கீழுக்கும் நடுவே போய்விடும். அவரவர் ஊருக்கு அவரவர் தம்புரா.

என் ஆம்ப்பில் இரண்டும் இருந்தன. முதலில் 100-ஐத் துரத்தினேன். வால்யூமைச் சுழித்தாலும் ஹம் மாறவில்லை. ஆக, கோளாறு அதற்குப் பின்னால். முன்வால்வைக் கழற்றினால் மாறவில்லை, அடுத்ததைக் கழற்றினால் அடங்கியது. அந்த இரண்டாம் வால்வின் தரை ஒயரைச் சோம்பலில் பவர் டிரான்ஸ்பார்மர் பக்கத்துத் திருகாணியில் மாட்டியிருந்தேன். அதே திருகாணியில்தான் முதல் கெப்பாசிட்டரை நிரப்பும் மின்சாரம் நொடிக்கு நூறு முறை குதித்துக்கொண்டிருந்தது. பவர் பக்கத்துத் தரை எல்லாம் ஒரு புள்ளியில், முன்பக்கத்துத் தரை எல்லாம் கிதார் ஜாக் அருகே இன்னொரு புள்ளியில் என்று பிரித்ததும் முக்கால்வாசி போனது. பிறகு 50. இழை ஒயர்களை அவிழ்த்து நெருக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டி விட்டேன். அவற்றின் நடுவை 100 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டால் எடுத்து, தரைக்குப் பதிலாக 6வி6-இன் கேத்தோடில் மாட்டினேன். அங்கே ஏற்கெனவே 20 வோல்ட் டிசி இருக்கிறது. இழை அந்த அளவுக்கு மேலே மிதந்தால் முன்வால்வுகளின் கேத்தோடுக்குள் அதன் முனகல் கசியாது. ஒரு ரூபாய் செலவில்லாத வித்தை.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இறக்குமதிச் சரக்கு வந்த பைன் பலகைகளைப் பழைய மரக்கடையில் வாங்கி, ஆசாரி ஒருவரிடம் கொடுத்தேன். துணி ஒட்டவில்லை, பிரெஞ்சு பாலிஷ் மட்டும். ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதலில் மைக்செட் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். ஈக்கூட்டம் போல மேலே ஒரு நரநரப்பு. கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஓய்ந்துவிடும், அந்த நரநரப்பு காதுக்கு வராது. ஸ்பீக்கர் ஒயர் கழன்ற நிலையில் வால்வு ஆம்ப்பை வாசிக்கவே கூடாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். போகப்போவது அவுட்புட் டிரான்ஸ்பார்மர்.

12 வாட் என்று ஏளனம் செய்யாதீர்கள். பத்து மடங்கு வாட் கூட்டினால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் 12 வாட் என்பது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எவ்வளவு அதிகம் என்று புரியும். மேல்வீட்டு அக்கா இரண்டு முறை வந்து, கோபமாக அல்ல, கவலையாக, "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதன் ஒலியைச் சொல்வது கடினம். வால்யூம் குமிழில் 12 வரை எண்கள். 3 வரை மணி போலத் தெளிவு. 4-ஐத் தாண்டியதும் ஓரங்கள் உடைய ஆரம்பிக்கும். 7-க்கு மேல் கம்பியைப் பலமாக மீட்டினால் 5ஒய்3 மூச்சு வாங்கும்: வோல்ட்டேஜ் ஒரு கணம் இறங்கி, பிறகு ஏறி வரும், ஒலியும் அப்படியே அமுங்கிப் பிறகு மலரும். இன்னொரு வேடிக்கை, கிதார் செருகாத இரண்டாவது சேனலின் குமிழ். அதைத் திருப்பினாலும் முதல் சேனலின் ஒலி மாறும். இரண்டு குமிழ்களும் உள்ளே ஒரே இடத்தில் பின்னிக் கிடப்பதால் வந்த வினை இது. வரைபடத்தைப் பார்த்தால் பிழை என்றுதான் தோன்றும். என் நண்பரின் ஹம்பக்கர் (கனத்த ஒலி தரும் இரட்டைச் சுருள்) கிதாரைச் செருகியபோது கீழ்ஸ்தாயி கொழகொழத்தது. முன்வால்வுக்குப் பின்னால் இருந்த 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 0.022 ஆக்கினேன், இறுகியது. என் கிதாருக்கு அது கொஞ்சம் மெலிவு. ஒரு சேனலில் புதியது, இன்னொன்றில் பழையது என்று விட்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்த ஞாயிறு, ஐயாவை அழைத்து உட்கார வைத்து, 8-இல் வைத்து வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, என்னை வருத்தப்படுத்தக்கூடாது என்ற குரலில், "எல்லாம் நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஆனால் சத்தம் உடைகிறதே, அதை ஏன் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்?" என்றார்.

நாற்பது வருடம் அந்த உடைசலை நீக்குவதற்காகவே கூலி வாங்கியவரிடம் என்ன சொல்வது? அதற்காகத்தான் ஐயா கட்டினேன் என்றேன். அவர் நம்பவில்லை. எழுந்து வந்து, என்னை மீட்டச் சொல்லிவிட்டு, குமிழை 8-இலிருந்து மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்தார். 3-க்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பலகையில் அந்த இடத்துக்கு நேராக ஒரு சின்னக் கோடு போட்டார். "இது வரைக்கும்தான் செட் நன்றாக இருக்கிறது. இதைத் தாண்டாதீர்கள்" என்றார்.

அந்தக் கோட்டை நான் அழிக்கவில்லை. தாண்டாமல் வாசித்ததும் இல்லை.